ரொட்டிக்கடைச் சாம்பல் போட்ட கீரைப் பாத்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் வாலுப் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம்தான், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது. போன் இருக்கும்போது இவள் ஏன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் அழுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். நாங்கள் அங்கே வருவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுவில் போனை எடுக்காமல் கடைசி வரைக்கும் படி.

அப்பா உன்னிடம் கொடுத்த வாக்கை நீ மறந்திருக்க மாட்டாய். மலைக்கு அந்தப் பக்கம் அணு உலை வெடித்தபோது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். காற்று இந்தப் பக்கம் அடித்து இங்கேயும் தூசி இறங்கியது, தெருவில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள், அரசாங்கம் இருக்கலாம் என்று சொன்னதும் மீதிப் பேர் இருந்துவிட்டோம். அதிலிருந்து நீ எங்களைக் கூப்பிடாத நாள் இல்லை. உன் அப்பாவோ பஸ் ஓட்டின காலத்திலேயே ஸ்டியரிங்கை விட்டால் மண்வெட்டி என்று இருந்தவர், தோட்டத்தை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். போன கோடையில் நீ வந்திருந்தபோது பேத்தி கீரைப் பாத்தியில் ஓர் இலையைக் கிள்ளி வாயில் வைக்கப் போனாள், நீ ஓடிப்போய்த் தட்டிவிட்டாய். உன்னைத் தப்பு சொல்லவில்லை, நானாக இருந்தாலும் தட்டித்தான் விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் சொன்னார், அடுத்த தடவை கதிர்வீச்சு அளக்கும்போது கீரை தேறவில்லை என்றால் மறுபேச்சு இல்லாமல் உன் வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று. நீ சரி என்றாய், நானும் தலையை ஆட்டினேன். கீரை தேற வேண்டும் என்று நினைத்தேனா, தேறக்கூடாது என்று நினைத்தேனா என்று மட்டும் கேட்காதே.

சந்தைக்குப் பின்னால் இருக்கிறதே அளவுக்கூடம், அங்கே விளைந்ததைப் பொடிப்பொடியாக நறுக்கி டப்பாவில் இடைவெளி இல்லாமல் அமுக்கிக் கொடுக்க வேண்டும். அதை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள், நாம் வெளியே பெஞ்சில் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நறுக்குவது என் வேலை. நமக்குச் சமைக்கும்போது என்றைக்காவது இப்படி நறுக்கியிருக்கிறாயா என்று அப்பா கிண்டல் செய்வார். அங்கே அளக்கிற பெண் நல்ல மாதிரி, கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும். தூசியோடு மண்ணில் இறங்கின சீசியம் என்கிற விஷமும் பயிருக்கு வேண்டிய பொட்டாஷ் என்கிற சாம்பல்சத்தும் வேருக்கு ஒன்றுபோலத்தான் தெரியுமாம். அந்தச் சத்து குறைந்த மண்ணில் பயிர் பசியோடு சீசியத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும், வேண்டிய அளவு போட்டு வைத்தால் இதை அவ்வளவாக எடுக்காது என்று சொன்னது. பசித்தவன் பழையதா புதியதா என்று பார்ப்பானா, அப்படித்தான் என்று நான் புரிந்துகொண்டேன். தக்காளியும் வெள்ளரியும் கொஞ்சமாகத்தான் எடுக்குமாம், கீரைதான் எதையும் இழுத்துக்கொள்கிற ஜாதியாம்.

இதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பொட்டாஷ் மூட்டை வாங்குங்கள் என்று அந்தப் பெண் சொன்னது காதில் ஏறியதா என்றால் இல்லை. சாம்பலில் அந்தச் சத்து இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, முக்குத் தெரு ரொட்டிக்கடையில் விறகு அடுப்பு, சாம்பலை வாரிக்கொண்டு போக யாராவது வந்தால் போதும் என்று கடைக்காரர் காத்திருக்கிறார். குளிர்காலம் முழுக்க வாளி வாளியாக அள்ளி வந்து கீரைப் பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டார். பின்பக்கம் கிழங்குப் பாத்திக்குப் போடவில்லை, பேத்தி கை வைத்த பாத்திக்குத்தான் எல்லாம். கீரையும் வந்தது பார், இலை ஒவ்வொன்றும் கை அகலம். இந்தத் தடவை அந்த ஈயப்பெட்டியே வாயடைத்துப் போகும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிழங்கு தேறியது. கீரை வரம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது. சீட்டைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். பக்கத்துப் பாத்தி தேறி இது மட்டும் எப்படி இவ்வளவு ஏறும், இதில் புதிதாக என்ன போட்டீர்கள் என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டது. நான் சாம்பலைச் சொன்னேன். கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்றது. மறுநாள் நூல்கண்டு வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வாளியின் அடியில் மிஞ்சியதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குள் வைத்ததும் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ரொட்டிக்கடை விறகு மலைக்காட்டிலிருந்து வருகிறது, அந்தக் காட்டை யாரும் உழவில்லை, சுத்தம் செய்யவில்லை, மரங்கள் இத்தனை வருஷமாக அன்றைக்கு இறங்கின சீசியத்தைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன. விறகை எரித்தால் மரம் புகையாகப் போகும், இந்தச் சனியனில் பெரும்பங்கு சாம்பலிலேயே தங்கிவிடுமாம். ஒரு வண்டி விறகில் இருந்ததை ஒரு கூடைச் சாம்பலில் சேர்த்து நம் பாத்தியில் கொட்டியிருக்கிறார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஓசியில் வைத்துக்கொண்டவர் உன் அப்பா ஒருவர்தான். அந்தப் பெண் அங்கேயே ரொட்டிக்கடைக்குப் போன் போட்டு யாருக்கும் சாம்பல் கொடுக்காதே என்று சொல்லிவிட்டது. அப்புறம் ரொட்டியையும் அளந்தார்கள், அதில் ஒன்றும் இல்லையாம். பாத்தியின் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுப் பொட்டாஷ் போட்டால் பழையபடி ஆகிவிடும், உங்கள் மண்ணில் குறை இல்லை, வீட்டில் சொல்லுங்கள் என்றது.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார், சொல்லாவிட்டால் ரயில் ஏறுவார். அவராகவே போய் டிக்கெட் எடுத்து வந்திருந்தார் கண்ணு. எனக்கு என்ன தெரியுமா ஓடியது மனசில், காலையில் பேத்திக்குத் தலை பின்னி விடுவேன், நீ வேலை முடிந்து வரும்போது சூடாக ஏதாவது செய்து வைப்பேன், தையல் மிஷினை உன் ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொள்வேன். இதில் என்ன பாவம் இருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். உன் பெட்டியையும் என் பெட்டியையும் கட்டினேன். உன் பெட்டி என்றா எழுதிவிட்டேன், அவர் பெட்டி.

அவர் அந்த நாட்களில் எப்படி இருந்தார் என்று சொல்ல வேண்டும். மண்வெட்டியைக் கழுவித் துடைத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். வீட்டுச் செருப்போடு தோட்டத்து ஓரம் வரை போய் நிற்பார், உள்ளே கால் வைக்க மாட்டார். சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்க வந்தவர் மாதிரி நின்றுவிட்டுத் திரும்பி வருவார். ஒருநாள் மத்தியானம் நான் சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கையால் சாப்பிட்டு ஒரு குறை சொல்லாமல் எழுந்திருக்காத மனிதர், ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். நான் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர். இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்து உன் வீட்டு அறையில் வைத்து நான் என்ன செய்வேன், சொல்லு. அங்கேயே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சேர்த்து.

கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அப்ப மண்ணு மேல தப்பு இல்ல" என்றார். நான் இல்லை என்றேன். "நீ சொல்லாம இருந்திருந்தா நாம பேத்தியோட இருந்திருப்போம்ல" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் ஒன்று கேட்டார் பார், பஸ் ஓட்டின காலத்தில்கூட ஒருத்தரிடமும் வழி கேட்காத மனிதர், "போறதா இருக்கிறதா, நீயே சொல்லு" என்றார். நான் போய்ப் பக்கத்து வீட்டில் மண்வெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அதனால் நாங்கள் வரவில்லை, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நகராட்சி ஆட்கள் வந்து சுரண்டின மண்ணையும் மிச்சச் சாம்பலையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், பொட்டாஷைக் கடையில் காசு கொடுத்தே வாங்க வைத்தேன். நேற்று ரசத்தில் புளி தூக்கல் என்று குறை சொன்னார், கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. அப்பா மேல் கோபப்படாதே, கோபம் வந்தால் என் மேல் படு. முடிவு என்னுடையது. அம்மாவுக்கு நம்மோடு இருக்க ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. கோடையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா, நான் அளந்து பார்க்காத ஒன்றையும் அவள் வாயருகே கொண்டுபோக விடமாட்டேன், அப்பா கெஞ்சினாலும் சரி.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை இருமலுக்கு மருந்து வாங்கச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அப்பாதான் எடுப்பார், ஏன் வரவில்லை என்று கேட்காதே, என்ன விதைத்திருக்கிறீர்கள் என்று கேள். அப்புறம் என்னிடம் கொடுப்பார். என்னிடம் வேறு எதை வேண்டுமானாலும் கேள், எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்காதே கண்ணு. கேட்டால் நான் வந்துவிடுவேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா