பச்சை ஓட்டையில் சொருகிய மைக்

மச்சான், உன் ஹெட்போன் இன்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பீரோவை ஒழித்தபோது கிடைத்ததென்று உன் மகள் கொடுத்துவிட்டிருக்கிறாள். காதுப் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் ஒட்டுகிறது. வயர் நுனியில் கம்ப்யூட்டரில் சொருகுகிற முள் இரண்டு, இரண்டும் கறுப்பு. பார்த்ததும் பழைய கோபம் அப்படியே ஏறிக்கொண்டது. செத்தவன்மேல் கோபப்படக்கூடாதாம். பட்டால் என்ன செய்வாய்? எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கூட்டுறவுச் சங்கத்தில் ரிட்டயர் ஆன கையோடு தேனிக்குப் போய் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. கம்பம் சந்தையில் திராட்சைக் கூடை இறக்கிக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து நின்று, "உள்ள போறது இன்புட்டு, வெளிய வாறது அவுட்புட்டு. மடையும் வடிகாலும்தான் மாப்ளே" என்பாய்.

"மொதல்ல கூடையப் பிடி" என்பேன். பிடிக்கமாட்டாய்.

அப்போது என் மகன் துபாயில் இருந்தான். திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு வாழை வைக்கலாம் என்று அவன் சொன்ன ஒரு சொல்லுக்கு, "என் சாவுக்குக்கூட வராதே" என்று சொல்லிவிட்டேன். போனவன் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் வரும். உன் தங்கச்சி சோறு போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நீதான் அவனிடம் பேசி, கம்ப்யூட்டரில் முகம் காட்டச் சம்மதிக்க வைத்து, என்னைக் கம்பத்துக்கு இழுத்துப் போனாய். ஊரான் காது வைத்தது ஆகாதென்று சொந்த ஹெட்போன் வேறு.

பிரவுசிங் சென்டர்க்காரப் பெண் மாட்டிவிட வந்தாள். "எங்களுக்குத் தெரியும்த்தா, நீ போ" என்று விரட்டினாய். கம்ப்யூட்டர் பெட்டியில் ஒரு ஓட்டை பச்சை, ஒன்று ரோஸ். கொஞ்சம் யோசித்தாய். "பச்சைதான வயலு. தண்ணி வயலுக்குள்ளதான போகும். பேசுறதும் உள்ள போறதுதான்." மைக் முள்ளைப் பச்சையில் சொருகினாய்.

திரையில் மகன் வந்தான். இளைத்திருந்தான். வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

"லைன் வீக்கு. நமக்குத்தான் கேக்கல, அவனுக்குக் கேக்கும். பேசு மாப்ளே."

அவன் காதைத் தொட்டுக் கையை ஆட்டினான்.

"கேக்குதுங்கிறான் பாரு."

பேசினேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புய்யா. மனசுல வச்சுக்காத. வீட்டுக்கு வா." ஆயுசில் யாரிடமும் சொல்லாத சொல். சொல்லும்போது அழுதும் தொலைத்தேன். திரை இருண்டு அவன் போன பிறகுதான் அந்தப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு முள்ளும் மாறிக் கெடக்குங்கய்யா. நீங்க பேசுனதுல ஒரு வார்த்தகூடப் போயிருக்காது."

பஸ்ஸில் நான் உன்னோடு பேசவில்லை. நீ சும்மா வந்தாயா? "மேல கேமரா இருந்துச்சுல்ல, அதுவும் இன்புட்டுதான். வாய் போகலைன்னாலும் மொகம் போயிருக்கும்." படியிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் மகன் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அழுதீகளேப்பா. அன்னைக்கு என்ன சொன்னீக?" என்று கேட்டான்.

"ஒடம்பு எப்படியிருக்குன்னு கேட்டேன்."

நீ பக்கத்தில் நின்று மீசைக்குள் சிரித்தாய். நீயாவது அவனிடம் சொல் என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். "ஓம் மடைய நீதான் தெறக்கணும்" என்றே சொல்லிச் சொல்லிப் போய்ச்சேர்ந்தாய். அன்றைக்கு நான் அழுது சொன்ன சொல்லைக் காதால் கேட்டவன் நீ ஒருவன்தான். இப்போது அது என்னிடம் மட்டும் கிடக்கிறது. இறக்கி வைக்க இடமில்லாமல் சுமந்து திரிகிறேன்.

மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "மாமா, இத அவுகளுக்கு வாசிச்சுக் காட்டவா?" என்கிறாள். மகன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தட்டுச் சத்தம் கேட்கிறது.

"சாப்பிட்டு முடிக்கட்டும்த்தா" என்றேன். "கேக்குதான்னு மொதல்ல கேட்டுட்டு வாசி."