சந்தனம் வைத்த ஸ்பேனர்

ஸ்ரீரங்கம்
புரட்டாசி 22

அன்புள்ள அறிவுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க ரங்கநாதர் துணை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கொல்லையில் முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. மனசுதான் சரியில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"மாமா பாவம்மா, சிவசங்கர் கையாலதான் அடிச்சான்னு சொல்லிட்டு வந்துடேன், உனக்கென்ன போச்சு" என்று திங்கட்கிழமை செய்தி அனுப்பியிருந்தாயே, படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உன் மாமா உன்னிடம் என்ன சொன்னானோ தெரியாது, நான் நம் வீட்டு கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்ததைச் சொல்கிறேன். தெருமுனையில் இஸ்திரி போடும் வெள்ளைச்சாமியை உனக்குத் தெரியும், உன் கல்யாணப் புடவைகளுக்கு மடிப்பு வைத்துக் கொடுத்தவர். ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால் உன் மாமா மகன் சிவசங்கர் தன் டிராவல்ஸ் வேனை அவர் வண்டியை மறைத்து நிறுத்தினான். "தம்பி, கொஞ்சம் முன்னாடி போட்டுக்கங்க, துணி குடுக்க வர்றவங்களுக்கு வழியில்ல" என்றார், அவ்வளவுதான். "கரிப்பெட்டி தூக்குற ஆளு எனக்குப் பார்க்கிங் சொல்லித் தர்றியா" என்று கத்திக்கொண்டே சீட்டுக்கு அடியிலிருந்து டயர் கழற்றும் வீல் ஸ்பேனரை உருவினான். தலைக்கு வந்ததை அவர் கையை நீட்டித் தடுத்தார், வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது அவர் மனைவி பாப்பாயிதான் இஸ்திரி போடுகிறாள், அந்தக் கனத்த பெட்டியைத் தூக்கி இரண்டு சட்டை தேய்ப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமா பிச்சமுத்து ஆப்பிளும் மல்லிகைப்பூவுமாக வந்து உட்கார்ந்தான். எலும்பு முறிந்த கேஸில் வெறும் கையால் அடித்தது என்றால் ஏழு வருடம் வரை, ஆயுதத்தால் அடித்தது என்றால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஆயுள் வரைக்கும்கூடப் போகலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் "கையால தள்ளினான், அந்தாளு விழுந்து ஒடிச்சுக்கிட்டாருன்னு சொல்லிடுக்கா, ஒரே ஒரு வார்த்தைதான்" என்கிறான். அவன் மனைவி பிரேமலதா அதற்கு மேல். "ஸ்பேனர் என்ன அருவாளா அண்ணி, வண்டி சாமான்தானே" என்கிறாள். நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒருமுறை ஒரு பையன் காம்பஸை எடுத்துப் பக்கத்தில் இருந்தவன் தொடையில் குத்தினான், வட்டம் போடத்தானே அதைச் செய்தார்கள் என்று சொல்லி நான் அவனை விட்டேனா? சட்டமும் அப்படித்தான் கேட்கிறது, எதற்காகச் செய்த சாமான் என்று பார்ப்பதில்லை, ஓங்கி அடித்தால் உயிர் போகுமா என்று பார்க்கிறது. கைகலப்பில் ஒருவன் அறைந்தால் அறைந்த கை அவனுக்கும் வலிக்கும், கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடுவான். இரும்பை எடுக்கிறவன் தனக்கு வலிக்காமல் அடுத்தவனை உடைக்கப் பார்க்கிறான். தண்டனை ஏறாமல் என்ன செய்யும்.

எனக்கு அருவருப்பு எங்கே உச்சிக்கு ஏறியது தெரியுமா? அப்படி ஒரு சாமான் வண்டியிலேயே கிடையாது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த இந்த பிரேமலதா, பூஜை அன்றைக்குப் பழக்கதோஷத்தில் நம் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டாளே, அதை மறுபடி பெரிதாக்கிப் பார். வேன் சாவி, ஜாக்கி, பொரிகடலை, நடுவில் பளிச்சென்று கழுவித் துடைத்த அதே ஸ்பேனர், மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப்பூ. ஒரு மனுஷனின் எலும்பை உடைத்ததைச் சாமிக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே முப்பது பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள், நீயும் ஒரு கும்பிடு போட்டிருக்கிறாய். நீ விஷயம் தெரியாமல் போட்டாய், நானும் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் இருந்தேன், அதை நினைத்தால் என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெண் எஸ்.ஐ. "வெறுங்கையா டீச்சர், எதாவது வச்சிருந்தாரா, நிதானமா சொல்லுங்க" என்றார். ஸ்பேனர் என்று சொன்னேன், படத்தையும் காட்டினேன், எழுதியதைப் படித்துச் சரிபார்த்துவிட்டு வந்தேன். வெளியே நின்ற உன் மாமா "ரத்தத்தை விட இஸ்திரிக்காரன் பெருசாப் போயிட்டானா, இனிமே நீ எனக்கு அக்கா இல்ல" என்றான். அவன் அப்படிச் சொல்வான் என்று தெரிந்துதான் போனேன். தெரிந்திருந்தும் வீடு வரும்வரை ஆட்டோவில் அழுதேன்.

சிவசங்கர் நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவனை உள்ளே வைத்தால் நான்தான் பார்க்கப் போவேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் போவேன். ஆனால் சொன்னதை மாற்றமாட்டேன். கோர்ட்டில் கூப்பிடும்போது உன் மாமா மறுபடி உன்னைத்தான் தூது விடுவான். அப்போது "அம்மாவிடம் நான் கேட்கமாட்டேன் மாமா" என்று நீயே சொல்லவேண்டும். மற்ற எல்லாரையும் இழந்துவிட்டு நிற்க எனக்குத் தெம்பு இருக்கிறது, உன்னையும் எதிர்ப்பக்கம் பார்க்கத் தெம்பு இல்லை. இதைப் படித்த அன்றைக்கே போன் செய். குளிர் தொடங்கியிருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் கூட்டிப்போ. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பானுமதி