பின்வாசல் சாவி

நிர்மல் அப்பாவுக்கு,

அம்பாசமுத்திரம் மதினி வீட்டுக்குப் போறேன். பத்து மணிக்கு பாதர் கோயில்ல இருந்து அத்தைக்கு நன்மை அப்பம் கொண்டு வருவார். அதுவரைக்கும் அத்தைக்குத் தண்ணி மட்டும் குடுங்க. மேசையில வெள்ளைத் துணி விரிச்சிருக்கேன். மெழுகுதிரியை நீங்கதான் கொளுத்தணும்.

உங்க பேய் நாவல்ல அந்த டாக்டரு நன்மையை மாவு மாதிரி பிசைஞ்சு பேய் உள்ள போகாம கல்லறை இடுக்கை அடைக்கான். அதை வாசிச்ச கோவத்துலதான் நேத்து புத்தகத்தை உங்க மேல வீசினேன். காலையில மிச்சத்தையும் வாசிச்சேன். அதுல நன்மையைக் கண்டா பேய்தான் விலகி ஓடுது. பாதர் வந்தாலே நீங்க ஏன் பின்வாசல் வழியா போயிருதிய?

சொதி அடுப்புல இருக்கு, சுடவச்சு சாப்பிடுங்க.

சலேத்

பி.கு.: பின்வாசல் சாவியைத் தேடாதிய. பூட்டி என் பையில எடுத்துட்டுப் போறேன்.