மைக் குத்த இடமில்லாத கொன்ட்ரோலர்

2025 ஏப்ரல் 19, சனி

சாய்ந்தமருதில் கல்யாண வீடு. பெண்கள் மட்டும். வாசலில் எல்லாருடைய ஃபோனையும் வாங்கி ஒரு வாளிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். என்னுடைய டெப்லட்டை மட்டும் விட்டார்கள், அந்த டெப்தான் பாட்டுப் போடுகிறது என்பதால்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் பாட்டு நிற்க வேண்டும். அஸர் பாங்கு தொடங்கியதும் சத்தத்தைக் குறைக்கத் திரையில் விரலை இழுத்தேன். கல்யாண ஹோலுக்குள் வெக்கை, கை முழுக்க வேர்வை. திரை என் விரலை மதிக்கவே இல்லை. பாங்கு ஒரு பக்கம், குத்துப்பாட்டு ஒரு பக்கம். முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடி இழுத்தேன், சத்தம் இன்னும் கூடிற்று! கடைசியில் ஸ்பீக்கர் பொக்ஸின் வயரையே பிடுங்கினேன். “பாங்கு சொல்லக்குள்ளயா? தவ்பா, தவ்பா” என்று ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டா.

பாங்கு முடிந்ததும் கமீலா மைக்கை எடுத்தாள்.

“கோவிக்காதீங்க ராத்தாமாரே! நம்மட டிஜே பஸ்னாக்கு மாப்பிள்ள அந்த டெப்தான். அவன் இண்டைக்குச் சொல்லுக் கேக்கான் இல்ல. பெட்டரி இறங்கினா முத்தலாக் சொல்லிருவான், பாவம், அதுக்குப் பயந்து இவ ஒண்டும் கேக்கிறதில்ல!”

ஹோலே சிரித்தது. குரவை போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்தக் கிழவியும் ஆடினா.

மாமாவின் மகள், மச்சி முறை என்று பார்த்துத்தான் கமீலாவைச் சேர்த்தேன். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், கையில் ஒரு பெண்பிள்ளை. நான் பாட்டுப் போடுவது, அவள் மைக்கில் கதைத்து ஆட்களை ஆட எழுப்புவது, இதுதான் ஏற்பாடு. எழுப்புகிறாள்தான். என்னை வைத்து எழுப்புகிறாள்.

ஏப்ரல் 20

கை வேர்த்தால் வேலை செய்யாத திரையோடு இனி ஏலாது. கொன்ட்ரோலர் ஒன்று வாங்க வேண்டும். பிடித்துத் திருகுகிற குமிழ், இழுக்கிற தண்டு, சுற்றுகிற சக்கரம். டெப் ஓரமாக இருந்து பாட்டை மட்டும் கொடுத்தால் போதும்.

ஏப்ரல் 24, வியாழன்

கல்முனை. சுபியான் காக்காவின் சவுண்ட் கடை. இரண்டை எடுத்து மேசையில் வைத்தார்.

பெரியது: நாலு பாட்டு ஒரே நேரத்தில், சக்கரம் சாப்பாட்டுக் கோப்பை அளவு, கரண்ட் தனியாக வேண்டும், முன்பக்கத்தில் மைக் குத்துகிற ஓட்டை, அதற்குத் தனிக் குமிழ். சின்னது: இரண்டு பாட்டு, டெப்பிலிருந்தே கரண்ட் எடுக்கும், கைப்பைக்குள் போகும். மைக் ஓட்டை இல்லை. இரண்டுமே என் டெப்போடு பேசுமா என்று அவர் கடையிலேயே குத்திக் காட்டினார். பேசின.

“வாங்கக்குள்ள ஒண்ட மட்டும் யோசிங்க தங்கச்சி” என்றார். “உங்கட வேலையில நடுவுல ஏதும் பழுதானா ஆம்பிளப் பொடியன் ஒருத்தன உள்ள கூப்பிட ஏலா. நீங்களே கழட்டிப் பூட்டணும். அதால வயர் குறைஞ்சதா எடுங்க.”

“அப்ப சின்னதா?”

“சின்னதுல உங்கட மச்சி எங்க கதைக்கிற? அவக்கு மைக் வேணுமே.”

எங்கள் ஸ்பீக்கர் பொக்ஸின் முதுகில் இரண்டே இரண்டு ஓட்டைகள். இப்போது ஒன்றில் டெப், மற்றதில் மைக். சின்னதை வாங்கினால் அதன் சிவப்பு வயரும் வெள்ளை வயரும் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். மைக்குக்கு இடம் இருக்காது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 25

பெரியதுதான் சரி. அது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 29

மருதமுனையில். இன்று கமீலா என்னை விற்றாள். வாகனம் விற்கிற மாதிரி, என் முப்பத்திமூன்று வயதோடு சேர்த்து.

“முப்பத்திமூணு மொடல்! ஓட்டமே இல்ல! கீறல் இல்ல! ஓனர் எத்தின பேர் எண்டு கேக்கிறீங்களா? ஓனரே இல்ல! ஷோரூமில இருந்து இன்னும் இறக்கவே இல்ல புள்ளயள்!”

பொண்ணு கூட மருதோண்டிக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மனிசி என்னிடமே வந்து, “மெய்யா மகள், இன்னும் கலியாணம் ஆகல்லையா?” என்று கேட்டா.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். அடுத்த பாட்டைப் போட்டேன். வேறென்ன செய்கிறது? எரியுது. இதை எழுதக்குள்ளயும் எரியுது. மூண்டு வருசமா நான் பாட்டுப் போடுறன், எண்ட டெப், எண்ட பொக்ஸ் — ஆனா கூப்பிடுறவங்க கேக்கிறது “கமீலா வருவாவா?” எண்டு. நான் அங்கே ஒரு ஆள் என்று ஒரு நாளாவது அவர்கள் பார்க்க வேண்டும். சிரிக்கிறதுக்கு இல்லாமல்.

சின்னதைத்தான் வாங்கப் போகிறேன்.

மே 3

வாங்கியாயிற்று. இரண்டு பேரின் உழைப்பும்தான் அதற்குள் போனது.

கமீலா அதைப் பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடவினாள். சக்கரத்தைச் சுற்றினாள். பிறகு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“மைக் எங்க குத்துற?”

“இதுல இல்ல மச்சி.”

“பொக்ஸில?”

“ரெண்டு ஓட்டையும் இதுக்கே வேணும்.”

“மறுகா? நான் எப்பிடிக் கதைக்கிற?”

“மறுகா என்ன? நீ கையத் தட்டு, ஆக்கள எழுப்பு. பொம்புளட குரல் ரோட்டுக்குக் கேக்குது எண்டு ஊரில கதைக்காங்களாம். இதுவும் நல்லதுக்குத்தான்.”

ஊரில் யாரும் கதைக்கவில்லை. சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக்குகிற சின்ன வயர் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் ஒரு ஓட்டை மிஞ்சும். சுபியான் காக்காவின் கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அதை நான் சொல்லவில்லை.

மே 10, சனி

முதல் வேலை. அல்ஹம்துலில்லாஹ், என்ன ஒரு சாமான்! பாங்கு தொடங்கியதும் ஒரே ஒரு குமிழ், ஒரே திருகு, ஹோல் அமைதி. கிழவிகள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

கமீலா நடுவில் நின்று கத்திப் பார்த்தாள். அவள் வாய் திறக்கிற ஒவ்வொரு முறையும் நான் சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்சம்தான். வாய் அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் கேட்கவில்லை. கரையில் போட்ட மீன்.

மே 11

நன்றாகத் தூங்கினேன்.

மே 24

கமீலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்றைய பொண்ணின் உம்மா அவளைக் காட்டி, “இவ என்னத்துக்கு வந்திரிக்கா?” என்று என்னிடம் கேட்டா.

“பொக்ஸ் தூக்க” என்றேன். கமீலாவுக்குக் கேட்டது.

ஓட்டோவில் வரும்போது, இனிப் பாதிப் பங்குதான் என்றேன். வேலைக்கேற்ற கூலி. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காரைதீவுச் சந்தி தாண்டியதும் கேட்டாள்:

“அந்தப் பகிடிக்காகவா பஸ்னா?”

“எந்தப் பகிடி?”

“நான் உன்ன வெச்சுக் கதைக்காட்டி நீ அந்த மூலையில இரிக்கிறதே ஆருக்கும் தெரியா. அத யோசிச்சியா?”

எவ்வளவு திமிர்! இறங்கும்போது ஸலாம்கூடச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 7, ஹஜ்ஜுப் பெருநாள்

கமீலா வரவில்லை. உம்மா குர்பான் இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, “குவைத்துக்குப் போகப் போறாளாம். ஏஜென்சிக்காரனுட்ட பாஸ்போட்டக் குடுத்திட்டாளாம். புள்ளய அவட உம்மாட்ட விடப் போறாளாம்” என்றார்.

தங்கச்சி ஹாஜறா இறைச்சி வெட்டிக்கொண்டே, “உங்களுக்குள்ள என்ன நடந்த?” என்று கேட்டாள். உன் வீட்டு வேலையைப் பார் என்றேன். அவள் வீடுதான். எனக்கென்று கட்டிய வீடு. எனக்குப் பேசின இரண்டு இடமும் சரிவராமல் போக, அவளுக்கு முதலில் சரிவந்தது. பெண்ணோடு வீடு போவதுதானே எங்கள் வழக்கம், அதனால் வீடும் அவளோடு போயிற்று. நான் அதிலேயே ஓர் அறையில் பொக்ஸோடு படுக்கிறேன். “உன் வீட்டு வேலை” என்று சொல்லிவிட்டு எனக்கே வாய் கசந்தது.

ஜூன் 21

தனியாகப் போனேன். கலந்த பாட்டெல்லாம் சுத்தம், ஒரு இடத்தில்கூடத் தாளம் தவறவில்லை. யாரும் எழும்பவில்லை. கதிரைகளில் இருந்து வட்டிலப்பம் சாப்பிட்டார்கள்.

“மையத்து எடுக்கிற வீடு மாதிரி இரிக்கி” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாள்.

ஜூலை 5

நிந்தவூர் வீடு வேண்டாம் என்றுவிட்டது. “மற்ற மச்சி இல்லையாமே?”

ஜூலை 12

இன்று கமீலா பிளேன் ஏறினாள். உம்மா கொழும்புவரை வேனில் போனார். நான் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். வயிற்றுவலி இல்லை.

ஜூலை 19

சுபியான் காக்காவிடம் அந்தச் சின்ன வயரைக் கேட்டேன். எடுத்துத் தரும்போது சிரித்தார்.

“இப்பதான் தேவப்பட்டதா? உங்கட மச்சி மே மாசத்திலயே வந்து கேட்டா. இதுதான் எண்டு காட்டினன். கையில எடுத்துப் பாத்திட்டுத் திருப்பி வெச்சா. ‘வேணா காக்கா, அவக்கு வேணுமெண்டா அவளே வாங்குவா’ எண்டா.”

அப்போ மே மாதமே தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஹோலிலும் நின்று தொண்டை கிழியக் கத்தினாளா? அந்த வயரைப் பற்றி என் வாயிலிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாளா? பாதிப் பங்கு என்றபோதும்?

எண்ட வாயில புத்துநோய் வந்திருக்கலாம்.

ஜூலை 26

இன்று நான் மைக்கைப் பிடித்தேன். “எல்லாரும் எழும்பி ஆடுங்க” என்றேன். பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இருந்திருக்கும். ஒருத்தியும் திரும்பவில்லை. பொண்ணின் உம்மா மணிக்கூட்டைப் பார்த்தா. இந்த வீடும் போனால் இனி ஒரு வீடும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

பிறகு என் வாயிலிருந்து அது வந்தது. நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது.

“முப்பத்திமூணு மொடல்! ஓட்டமே இல்ல! கீறல் இல்ல! ஓனரே இல்ல!”

பிறகு ஹோல் வெடித்தது. குரவை. கிழவி, குமரி எல்லாம் நடுவுக்கு வந்தார்கள். நான் பாட்டைத் தூக்கினேன், தண்டைத் தள்ளினேன், அவர்கள் ஆடினார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு தின்ன ஏலாமல் போயிற்று.

ஆகஸ்ட் 16

நாலு வீடு பேசியிருக்கு. நிந்தவூரும் திரும்ப வந்துவிட்டது.

ஆகஸ்ட் 23

குவைத்திலிருந்து கமீலாவின் குரல் வந்தது, வாட்ஸ்அப்பில். குசுகுசுவென்று. முதலில் அவள் என்றே எனக்குத் தெரியவில்லை.

“பஸ்னா, மெல்லமாத்தான் கதைக்கேலும். பாத்ரூமுக்குள்ள நிக்கன். வீட்டுக்கார மனிசிக்கு நான் வாய் திறந்தாலே புடிக்கா. ஓம், இல்ல, அவ்வளவுதான் நாள் முழுக்க. எண்ட உம்மா சொன்னா, நீ அந்த மொடல் பகிடிய இப்ப நீயே சொல்லுறியாமே? நல்லாச் சொல்லுறியா? ‘ஓனர் எத்தின பேர் எண்டு கேக்கிறீங்களா’ எண்டு கேட்டிட்டுக் கொஞ்சம் நிக்கணும். அவங்கட முகத்தப் பாக்கணும். பொறகுதான் ‘ஓனரே இல்ல’. நீ அவசரப்படுவாய், எனக்குத் தெரியும். எண்ட புள்ள...”

அதோடு நின்றுவிட்டது. யாரோ வந்திருப்பார்கள்.

இரண்டு முறை கேட்டேன். பதில் போடவில்லை.

ஆகஸ்ட் 30

நின்று சொன்னேன். இரண்டு மடங்கு சிரித்தார்கள்.

செப்டம்பர் 20

மொடல் பகிடி பழசாகிவிட்டது. நான் தொடங்கும் முன்பே ஒரு சின்னப் பிள்ளை “ஓனரே இல்ல!” என்று கத்தியது. புதிதாக ஒன்று வேண்டும். எடை, நிறம், பல்லு எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கிறார்கள், எழும்பவில்லை. என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

ஒக்டோபர் 11, சனி

ஹாஜறாவின் நாத்தனாருக்குக் கல்யாணம். எங்கள் ஊர் ஹோல். எல்லாரும் சொந்தம். முன்வரிசையில் உம்மா, பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிசி ஒருத்தி, கொஞ்சம் தள்ளி ஹாஜறா.

ஹோல் செத்துக் கிடந்தது. மைக்கை எடுத்தேன்.

“எனக்கெண்டு வாப்பா ஒரு வீடு கட்டினாரு. கதவு வெச்சாரு, ஜன்னல் வெச்சாரு, டைல்ஸ் போட்டாரு. என்ன வைக்க மறந்தாரு தெரியுமா?”

நின்றேன். முகங்களைப் பார்த்தேன்.

“மாப்பிள்ளய! மறுகா என்ன, வீடு சும்மா கிடக்கப்படா எண்டு தங்கச்சிக்குக் குடுத்தாங்க. இப்ப எண்ட வீட்டுக்குள்ளயே நான் விருந்தாளி. மூணு நாளைக்கு மேல விருந்தாளி இரிக்கப்படா எண்டு ஹதீஸ் இரிக்கி — நான் ஒம்பது வருசமா இரிக்கன்!”

அப்படி ஒரு சிரிப்பை நான் இந்த வேலையில் கேட்டதில்லை. ஹாஜறா மட்டும் தலையைக் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குமிழைத் திருகிப் பாட்டை ஏற்றினேன். குரவை போட்டுக்கொண்டு எழும்பினார்கள், எல்லாரும்.

உம்மாவும் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு பக்கத்தில் இருந்த பெரிய மனிசியின் தோளைத் தட்டி, பாட்டுச் சத்தத்துக்கு மேலாக, எனக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“எண்ட மூத்த மகள்தான்!”

வேற்று மனிசரிடம் அவர் என்னை அப்படிக் காட்டியது இதுதான் முதல் தடவை.