பதில் சொல்லாத பூட்டு

2.9.91, திங்கள்
இன்றும் டிராயிங் செக்‌ஷனில் ஆறு கம்ப்யூட்டரும் அப்படியே நின்றுவிட்டன. ஒருவர் வரைபடத்தைத் திறந்தால், அவர் முடிக்கும்வரை மற்றவர் கை வைக்காதபடி சர்வர் அதைப் பூட்டி வைக்கும். அந்தப் பூட்டுகிற புரோகிராம்தான் பதில் சொல்லமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு; சர்வரை அணைத்துப் போட்டேன். அதே கதை.

பழி பாண்டுரங்கன் மேல். பிள்ளைப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். அதனால் முதலில் நிற்பது அவருடைய கம்ப்யூட்டர். “கண்டதை அமுக்குறான். மறுபடி நின்னா அசெம்பிளி லைனுக்கே திருப்பி அனுப்பிடுவேன்” என்றார் மேனேஜர் சுப்பிரமணி சார்.

3.9.91
பாண்டுரங்கன் இன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நான் இன்னாத்த மேடம் அமுக்கினேன்? தொறக்கத்தான் பார்த்தேன்.” ஏழு வருஷம் லைனில் கிடந்து, மாலையில் டிராயிங் படித்து மேலே வந்த மனுஷன். அவர் போடுகிற கோட்டைப் பார்த்தாலே — சரி, அதை எழுத வேண்டாம்.

4.9.91
மேனுவலில் நூறு பக்கம். தலைவலிதான் மிச்சம்.

5.9.91, வியாழன்
கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

பூட்டு வாங்கிய கம்ப்யூட்டர்களின் பெயர்களை சர்வர் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்ளும். நின்று எழுந்தால் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் மற்ற வேலை. பட்டியலைத் திறந்தேன். ஏழு பெயர். இருப்பதோ ஆறு. ஏழாவது போன மாதம் ரிப்பேருக்கு மெட்ராஸ் போனது. அவசரத்தில் பிடுங்கிப் பெட்டியில் கட்டி அனுப்பியது யார்? நான். பெயரை எடுக்காமல் விட்டதும் நான்தான். இத்தனை நாளாய் இல்லாததைக் கூப்பிட்டுக்கினே கீது, பாவம்.

பெயரை அழித்து, புரோகிராமை மறுபடி ஓட்டினேன். ஒரே நிமிஷத்தில் ஆறும் எழுந்துகொண்டன. “என்னம்மா பண்ணே?” என்றார் சார். தானா சரியாயிடுச்சு என்று சொல்ல வாய்வரை வந்தது. பாண்டுரங்கன் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“என் தப்பு சார். அவர் ஒண்ணுமே பண்ணல.”

6.9.91
மெமோ. கையெழுத்துப் போட்டேன். பிரமோஷன் இந்த வருஷம் இல்லை. அழவில்லை — அழுதேன், கொஞ்சம்.

சாப்பாட்டு நேரத்தில் பாண்டுரங்கன் எதிரில் வந்து உட்கார்ந்தார். “சொல்லாம இருந்திருக்கலாமே லீலா.” மேடம் எங்கே போனது?

“நீங்க லைனுக்குப் போயிருப்பீங்க.”

அவர் டப்பாவைத் திறந்தார். தன் டப்பாவிலிருந்த கருவாட்டுக் குழம்பில் பாதிக்கு மேல் என் சோற்றில் ஊற்றினார். அப்படி ஒரு காரம். மூக்கில் தண்ணீர் வர வர முழுவதும் சாப்பிட்டேன்.

22.9.91, ஞாயிறு
வல்லக்கோட்டை முருகன் கோயில். ஆபீஸிலிருந்து அஞ்சு பேர் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். இரண்டு பேர்தான் போனோம்.