பதினோரு ஆணி

கிள்ளை

தம்பி மரிய அருளுக்கு,

அண்ணன் தைரியராஜ் சொல்லச் சொல்ல, நம் பங்கு உபதேசியார் ஜெயசீலன் எழுதுகிற கடிதம். ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எமர்ஜென்சி போனதும் ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதே, அந்த மை நகத்தை விட்டு இறங்குவதற்குள் பெரிய வெள்ளி வந்தது. அதே வருஷம் ஐப்பசிக் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் புயல் அடித்தது. இரண்டுக்கும் நடுவில் நீ ஊரை விட்டுப் போனாய். எனக்கு எழுத்துதான் தெரியாது, தம்பி. மறதி வரவே இல்லை.

நீ இருக்கிற போர்ட் பிளேருக்கு வந்துபோன சாமியார்தான் உன் விலாசம் கொடுத்தார். போன் நம்பரும் கொடுத்தார். என் குரலைக் கேட்டால் வைத்துவிடுவாய். காகிதம் என்றால், கிழித்துப் போடுவதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும்.

நம் படகுப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது இறால் குட்டை. ஃபைபர் படகு வந்துதானே மூடினீர்கள் என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். தாத்தா வாய்க்கால் கரையில் கொட்டகை போட்டார். அப்பா காலத்தில் உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிப் போன படகுகளில் பாதி நம் கைவேலை. அடிப்பலகைக்கு வீட்டு ஆள்தான் ஆணி அடிக்கணும். ஒருத்தன் அடித்ததை இன்னொருத்தன் தட்டிப் பார்க்கக் கூடாது. அது அவன் முகத்தில் துப்புகிற மாதிரி. பெரிய வியாழன் கோயில் மணி நின்றால் சுத்தியலைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஈஸ்டர் மணி கேட்டுத்தான் எடுப்போம்.

புவனகிரி நெல் வியாபாரி கார்த்திகேசன் படகுக்கு அந்த வியாழன் பதினோரு ஆணி பாக்கி. துளை போட்டாயிற்று. மறுநாள் நீ வந்து, "அண்ணே, அர மணி வேலை, அடிச்சிடட்டுமா" என்று கேட்டாய். "ஆண்டவருக்கு ஆணி அடிச்ச நாள்ல நீயும் அடிப்பியாடா, யூதாசு" என்று திட்டினேன். "யூதாசு எங்கண்ணே ஆணி அடிச்சான், முத்தம்தானே குடுத்தான்" என்று சிரித்துக்கொண்டே போனாய்.

சனிக்கிழமை விடியலில் அப்பாவை அழைத்துவர நீ கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய். கார்த்திகேசன் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, அன்றைக்கே தண்ணீரில் தள்ளணும் என்று மனைவி பட்டம்மாளோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து நின்றார். குனிந்து பார்த்தேன். பதினோரு துளையும் குங்கிலியப் பிசினால் மூடியிருந்தது. ஆணி அடித்து, அதன் தலைமேல்தானே குங்கிலியம் வைப்போம்? என் பேச்சை மீறித் திருட்டுத்தனமாக அடித்துவிட்டாய் என்று நினைத்தேன். ஒரே ஆத்திரம். வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று படகைத் தள்ளிவிட்டேன்.

வெள்ளாறு அகலமாகிற இடத்தில் அடிப்பலகை பிளந்துகொண்டது. கார்த்திகேசனும் இரண்டு பிள்ளைகளும் தண்ணீரோடு போனார்கள். படகோட்டி கண்ணாயிரம் பட்டம்மாளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான்.

படகைக் கரையேற்றியபோது ஒரு துளையிலும் ஆணி இல்லை. வெள்ளி சாயங்காலம் தூறல் போட்டதே, தண்ணீர் இறங்கிப் பலகை உப்பக் கூடாது, ஞாயிறு சுரண்டிவிட்டு அடிக்கலாம் என்றுதான் அடைத்திருக்கிறாய். நீ என் சொல்லைக் கேட்டிருக்கிறாய், தம்பி.

ஊரே நிற்க, "ஆணி அடிச்சாச்சின்னு யாருடா சொன்னது" என்று அப்பா கேட்டார். "தம்பிதான் சொன்னான்" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அப்பா செருப்பைக் கழற்றி அடித்தபோதும் நீ வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நம்மிடம் படகு கேட்டு ஒருத்தரும் வரவில்லை. ஃபைபர் வர இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருந்தது.

போன மாசம் புவனகிரி போய்ப் பட்டம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பதை ஒட்டிய வயது, காது நன்றாகக் கேட்கிறது. "உங்க தம்பி பேர சொல்லி மண்ண வாரித் தூத்திட்டுத்தான் இத்தினி வருசமா நான் படுக்கப் போறேன். இப்ப வந்து ஆள மாத்துறீங்களே, பெரியவரே. கூடப் பொறந்த பாசத்துல பழிய வாங்கிக்கிறீங்க. நெசம்னா அவன வரச் சொல்லுங்க, என் எதிர்ல நின்னு சொல்லட்டும்" என்றாள். நான் பொய் சொன்ன அன்றைக்கு யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை.

வருவாய் என்று நம்பி இதை எழுதச் சொல்லவில்லை. மனசு கேட்காமல் சொல்கிறேன். என் முகத்தில் விழிக்க வேண்டாம், என் சாவுக்கும் வர வேண்டாம். புவனகிரியில் இறங்கி, அவள் எதிரில் ஒரு நிமிஷம் நின்று, "ஆணி அடித்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று சொல்லிவிட்டு, அப்படியே திரும்பிக் கப்பல் ஏறு. உன் வீடு நன்றாக இருக்கட்டும். அப்பா போய்விட்டார். கண்ணாயிரம் தேவனாம்பட்டினத்தில் சுனாமியோடு போனான். அன்று கரையில் நின்ற பெரியவர்களில் நம்மையும் அவளையும் தவிர ஒருத்தர் பாக்கி இல்லை. நீதான் செய்தாய் என்று நம்பிக்கொண்டு இன்னும் உயிரோடு இருப்பது பட்டம்மாள் ஒருத்திதான்.

உன் அண்ணன்,
தைரியராஜ்
(இடது பெருவிரல் ரேகை)