சமையல்காரி ஹெஸ்டரின் கடிதம்

அன்புத் தங்கைக்கு,

மாளிகை வேலைக்காரிகளைப் பற்றிய என் முதல் வரலாற்றுப் புத்தகத்தில், சமையல்காரி ஹெஸ்டர் தன் தாய்க்கு எழுதிய கடிதம் வருமே, நீகூடப் படித்து அழுதாயே. நேற்று விட்பி ஊரிலிருந்து ஹெஸ்டருடைய பேத்தியின் மகள் வந்திருந்தாள்.

"கல்யாணப் பதிவேட்டுல ஹெஸ்டர் பாட்டி கையெழுத்துக்குப் பதிலா வெறும் சிலுவைக் குறிதாங்க போட்டிருந்தாங்க. எழுதத் தெரியாதவங்கன்னே நெனச்சிருந்தோம். உங்க புத்தகத்தைப் பாத்துதான் எங்களுக்குப் பெருமையே வந்துச்சு. அந்தக் கடிதத்துல இருக்கற அவங்க கையெழுத்தை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேனே!"

"தேடி வைக்கிறேம்மா," என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மறுபடி வருகிறாள்.

தேடுவதற்கு எதுவும் இல்லை. மாளிகைப் பதிவேட்டில் ஹெஸ்டரின் பெயர் மட்டும்தான் இருந்தது. கடிதத்தை எழுதியது நான்.

பதிப்பாளரை நினைத்துக்கூட இவ்வளவு பயமில்லை. அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமையே வந்துவிடு. நான் பேச ஆரம்பித்ததும் என்னை எழுந்து போக விடாதே.

உன் அக்கா